பட்டு சோபாவும் தைல மூடி முக்காலியும்

எங்கள் வீட்டில் இப்போது குப்பை என்று எதுவும் கிடையாது. எல்லாம் மூலப்பொருள். தலைவலித் தைலம் தீர்ந்துபோனால் புட்டியைத் தூக்கிப் போடும் உரிமை என் வீட்டுக்காரருக்கு இல்லை. மூடியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, வாசம் போக வெயிலில் வைத்து, என்னிடம் ஒப்படைக்க வேண்டும். பற்பசை மூடி, கண் சொட்டு மருந்து மூடி, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, சிம் கார்டைப் பிய்த்தெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டம், புதுச் சட்டையின் காலருக்குள் செருகி விற்கிற அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டப்பா உண்டு. அந்த டப்பாக்களும் மூலப்பொருள்தான் என்பதால், அவசரத்தில் கை போய்விடக் கூடாதென்று ‘வெட்டாதே’ என எனக்கு நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் பேத்தியின் பொம்மை வீடு. மகள் இருப்பது பக்கத்துத் தெரு என்பதால், பள்ளிக்கூடம் விட்டால் பேத்தி நேரே இங்கேதான் வருவாள். வீடு என்னவோ சின்ன வீடுதான்; கூரியரில் வந்த அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒட்டிய இரண்டு மாடி. அதற்குள் போடவேண்டிய தட்டுமுட்டுச் சாமான்தான் தீராத செலவு. காலை நடைக்குப் போன இடத்தில் இவர், “சின்ன வீட்டுக்கு இந்த மாசம் செலவு கூடிப்போச்சு” என்று பேச்சுவாக்கில் சொல்ல, கூட நடந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்களாம். விளக்கம் சொல்லி முடித்து இவர் வீடு திரும்புவதற்குள் செய்தி எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

முதலில் கடையில்தான் கேட்டுப் பார்த்தோம். மரத்தில் செய்த குட்டி சோபா, குட்டிக் கட்டில், குட்டி அலமாரி. மூன்றுக்கும் அவர்கள் சொன்ன விலையில் எங்கள் ஹாலில் கால் ஆடிக்கொண்டிருக்கும் நிஜ சோபாவையே மாற்றிவிடலாம். “அப்ப அதை மாத்திடலாமே” என்றார் இவர். பேச்சில் நியாயம் இருந்ததால் யாரும் காதில் வாங்கவில்லை.

பொம்மை வீட்டுக்குக் காசைக் கொட்டுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்றொரு சீமாட்டி 1686-லிருந்து 1710 வரை ஒரு பொம்மை வீட்டை இழைத்து இழைத்துச் செய்வித்தார். சீனாவிலிருந்து குட்டிப் பீங்கான் தட்டெல்லாம் வரவழைத்தாராம். இன்றும் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அதற்குச் செலவழித்த பணத்துக்குக் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்று மியூசியத்தார் கணக்குச் சொல்கிறார்கள். அவருடைய கணவர் பட்டு வியாபாரி. வீட்டிலேயே பட்டுக் கிடங்கு இருந்தால் சோபாவுக்கு உறை போடுவதற்கு என்ன கவலை? எனக்குக் கதி எங்கள் தெருமுனை டெய்லர்.

“பிட்டுத் துணி இருந்தா கொஞ்சம் குடுங்க தம்பி” என்று நான் போய் நின்றபோது அவர் தாராளமாக ஒரு மூட்டையையே இழுத்துப் போட்டார்.

“தலையணைக்காக்கா?”

“இல்ல தம்பி, சோபாவுக்கு.”

“சோபாவுக்கு இது பத்தாதேக்கா.”

“மூணு இஞ்ச் சோபா.”

டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல குடும்பம், என்னவோ ஆகிவிட்டது என்கிற பார்வை. ஆனால் அடுத்த தடவை நான் போனபோது பட்டு தனி, பருத்தி தனி, லைனிங் தனி எனப் பிரித்து வைத்திருந்தார். அதற்கடுத்து, முடிந்த சோபாவைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பைப்பிங் இல்லாம ஒரு சோபாவாக்கா?” என்று கேட்டார். இரண்டு இழை நூலுக்கு மேல் மூலைவாட்டில் வெட்டிய துணிப்பட்டையை மடித்துத் தைத்து, விளிம்பில் ஓட்டியும் கொடுத்தார். கடையில் மூன்று பேர் பிளவுஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். “முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கே” என்று அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மூவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பொம்மை வீட்டுச் சாமான் செய்வோர் உலகெங்கும் கைக்கொள்ளும் சட்டம் ஒன்று உண்டு: பன்னிரண்டில் ஒன்று. நிஜ வீட்டில் ஓர் அடி இருப்பது பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். எங்கெல்லாம் அடி என்று வருகிறதோ அங்கெல்லாம் அங்குலம் என்று எழுதிக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது. ஆறடிக் கட்டில் ஆறு அங்குலம். ஒன்றரை அடி உயரத்தில் உட்காருகிற நாற்காலி ஒன்றரை அங்குலம். ஆறு கஜம் புடவை, அதாவது பதினெட்டடி, பதினெட்டு அங்குலத்தில் முடிந்துவிடும். ஒரே பிளவுஸ் பிட்டில் கல்யாண வீட்டுக்கே புடவை எடுத்துவிடலாம்.

ஆனால் துணிக்கு இந்தச் சட்டம் தெரியாது. நீளம் குறையும், அகலம் குறையும், தடிமன் குறையவே குறையாது. நமக்குப் புடவையாக இருப்பது பொம்மைக்கு ஜமக்காளம். நாம் முகம் துடைக்கும் துண்டு, அவர்களுக்குத் தேங்காய்நார் மெத்தை. ஜன்னல் திரை தைத்து மாட்டினால் கீழே தொங்காது. பாவாடை விரித்த மாதிரி அந்தரத்தில் நிற்கும். அதற்கும் வழி இருக்கிறது. துணியைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்து, தெர்மாகோல் மேல் வைத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்தி, காயவிட்டு எடுத்தால் திரை சொன்னபடி கேட்கும். பசை தடவுவதிலும் சூட்சுமம் உண்டு. துணியில் தடவினால் ஊறி மேலே கறை தெரியும். அட்டையில் தடவி, சற்றே இறுகவிட்டு, அப்புறம் துணியைப் போர்த்த வேண்டும். வெட்டப்போகிற கோட்டின் மேல் தண்ணீர் கலந்த பசையை முதலிலேயே தடவிக் காயவைத்துவிட்டால் நூல் பிரியாது. இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. வீடியோக்களில் சொல்கிறார்கள்தான், ஆனால் அதற்கு முன் ஒயின் கார்க் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அந்த வீடியோக்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘வீட்டில் கிடக்கும் பொருட்களை வைத்தே செய்யலாம்’ என்று ஆரம்பிப்பார்கள். ஒயின் கார்க், ஷாம்பெயின் மூடிக் கம்பி, கிறிஸ்துமஸ் ரிப்பன் என்று பட்டியல் போகும். எங்கள் வீட்டில் கிடப்பது பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூட்டுவலித் தைலம். கார்க்குக்கு எங்கே போவது? தெருவில் குடிக்கிறவர்களிடம் கேட்கலாமென்றால் நம்மூர் பாட்டில்களுக்குத் திருகு மூடிதான். கார்க் கிடைத்தாலும் அவர்கள் அதில் செய்வது கணப்படுப்புக்கு முன்னால் போடும் சாய்வு நாற்காலி. மதுரை சித்திரை வெயிலில் கணப்படுப்புக்கு முன் உட்காருகிற பொம்மை, நிஜமாகவே பொம்மையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே கணப்படுப்பை விட்டேன், கார்க்கை விட்டேன். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சின்ன வீட்டிலும் என்று தீர்மானம் போட்டேன். போட்ட பிறகு பார்த்தால், எங்கள் வீட்டுக் குப்பைக்கு ஈடாக உலகத்தில் குப்பையே இல்லை. வட்ட மாத்திரை அட்டையில் நாலு குழியைச் சேர்த்து வட்டமாக வெட்டினால் அச்சு அசல் இட்லித் தட்டு. வெள்ளி நிறம்கூடத் தனியாக அடிக்க வேண்டாம். குழிக்கு ஒரு ஜவ்வரிசி வைத்தால் இட்லி ரெடி. மூன்று தட்டை நடுவில் குண்டூசி குத்தி அடுக்கி, கண் சொட்டு மருந்து மூடியைக் கவிழ்த்தால் ஆவி பறக்காத குறைதான். நீள மாத்திரை அட்டை இட்லிக்கு ஆகாது, முகம் கழுவும் தொட்டிக்குத்தான் லாயக்கு. இவருக்குப் பி.பி. மாத்திரை வட்டம், சர்க்கரை மாத்திரை நீளம். தொட்டி போதுமான அளவு சேர்ந்துவிட்டதால், “டாக்டர்கிட்ட இதையும் வட்டமா எழுதித் தரச் சொல்லுங்களேன்” என்று கேட்டுப் பார்த்தேன். டாக்டரிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. என்னிடம் அதற்கப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசுவதில்லை.

பீரோ தீப்பெட்டியில். மூன்று பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சுற்றிலும் புடவைக் கடை அட்டைப்பெட்டியின் பளபளத் தாளைச் சுற்றி, ஒவ்வோர் இழுப்பறைக்கும் நடுவில் ஊசியால் ஓட்டை போட்டு ஒரு பாசிமணியை நூலில் கோத்து உள்பக்கம் முடிச்சிட்டால், இழுத்தால் வரும், தள்ளினால் போகும் பீரோ. இதில் பீரோ செய்வதல்ல கஷ்டம். குச்சிகளை என்ன செய்வது என்பதுதான். 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலையை ஒரு ரூபாயிலிருந்து இரண்டாக ஏற்றியபோது, 36 குச்சியை 50 ஆக்கினார்கள். சிவகாசி, கோவில்பட்டிக்காரர்கள் நியாயமாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு பீரோவுக்கு 150 குச்சி வீட்டில் அநாதையாகிவிடுகிறது. எங்கள் அடுப்புக்கு லைட்டர். சாமி விளக்குக்கு நாளைக்கு ஒரு குச்சி. இப்போது பூஜை அறையில் டம்ளர் டம்ளராகத் தீக்குச்சி நிற்கிறது. உரசப் பெட்டிதான் இல்லை. எல்லாப் பெட்டியும் பீரோவாகிவிட்டது.

கல்யாணப் பத்திரிகை வேறு விதமான சங்கடம். கெட்டியான அட்டை, தங்க விளிம்பு, சில பணக்காரப் பத்திரிகைகளில் வெல்வெட் பூச்சு. கட்டில் தலைமாட்டுக்கு அதைவிட உசத்தியான சரக்குக் கிடையாது. ஆனால் எதைத் திறந்தாலும் முதலில் பிள்ளையார் நிற்கிறார். “பிள்ளையாரை வெட்டிப் போட்டுராத. நாற்காலிக்கு அடியிலயும் வெச்சுராத” என்று அத்தை உத்தரவு போட்டுவிட்டார். எண்பது தாண்டியும் கண்ணும் காதும் கூர்மையான மாமியாரின் உத்தரவு, மீற முடியாது. பிள்ளையாரை மட்டும் சுற்றிலும் பத்திரமாக நறுக்கியெடுத்துத் தனியாகச் சேர்க்கிறேன். உட்கார்ந்தவர், நின்றவர், ஆலிலைமேல் படுத்தவர், கணினியில் வரைந்த நவீனர் என்று ஒரு கட்டுப் பிள்ளையார் சேர்ந்துவிட்டார்கள். தூக்கிப்போடவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது. பொம்மை வீட்டுப் பூஜை அறையில் இப்போது பிள்ளையாரைத் தவிர வேறு சாமிக்கு இடமில்லை.

பூஜை அறையே அத்தையின் கோரிக்கைதான். வீடு என்றால் ஆளாளுக்கு அபிப்பிராயம் இருக்குமல்லவா? அடுப்படி தென்கிழக்கில் இருக்கிறதா என்று என் தம்பி திசைகாட்டியோடு வந்து பார்த்தான். இல்லை. அக்கினி மூலையில் கக்கூஸ் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தான். வீட்டுக்காரர் எழுந்துபோய்ப் பொம்மை வீட்டை அப்படியே திருப்பி வைத்தார். “இப்ப?” என்றார். இப்போது சரியாக இருந்தது. வாஸ்து நிபுணர்களால் ஆகாததை அவர் ஒரு கையால் செய்துவிட்டார்.

“குழாய்ல தண்ணி வருமா?” என்பது அத்தையின் அடுத்த கேள்வி. சிரிக்க வேண்டாம், வருகிற வீடும் இருக்கிறது. இங்கிலாந்தின் மேரி ராணிக்காகச் செய்த பொம்மை வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், மின்விளக்கு எரியும், லிஃப்ட் மேலும் கீழும் போகும். அதை வடிவமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ். டெல்லியில் இன்று ராஷ்டிரபதி பவனாக இருக்கும் மாளிகையை வடித்த அதே ஆள். அங்கே அந்த மாளிகை வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இங்கே இந்தக் குட்டி மாளிகையையும் முடித்துக் கொடுத்தார். 1924-ல் வெம்ப்ளி பொருட்காட்சியில் வைத்தார்கள், இப்போது வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. அளவு அதே பன்னிரண்டில் ஒன்று. உள்ளே நூலகத்துக்கென்று கானன் டாயில் கையகலத்துக்கும் சிறிய புத்தகத்தில் ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் நான் அத்தைக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம வீட்டுல வராது” என்றார்.

இதே அளவில் இன்னோர் அம்மா செய்ததைக் கேட்டால் சோறு இறங்காது. சிகாகோவின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த பிரான்செஸ் கிளெஸ்னர் லீ, 1940களில் குட்டிக் குட்டி அறைகளாகச் செய்தார். குண்டூசிகளை வைத்துக் காலுறை பின்னினார், திரை தைத்தார், அலமாரியில் டப்பா அடுக்கினார். எல்லாம் முடித்து ஒவ்வோர் அறையிலும் ஒரு பிணத்தைப் போட்டார். கொலையா, தற்கொலையா, விபத்தா என்று துப்பறியப் போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காம். “நாம கொலு வைக்கிறோம், அந்தம்மா கொலை வெச்சிருக்கு” என்றார் வீட்டுக்காரர். அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வந்தவர் போனவர் அனைவரிடமும் சொன்னார். பால்காரரிடம்கூட.

துணிக்கு வருவோம். பொம்மை வீட்டுக்குத் துணி எடுக்கும்போது முதல் எதிரி பூ. நமக்குச் சின்னதாகத் தெரியும் பூ, மூன்றங்குல சோபாவில் ஏறினால் வாழைமரம். காரைக்குடிக் கண்டாங்கிக் கட்டம் பார்க்க அழகு, சோபாவில் போட்டால் ஒரே ஒரு கட்டம்தான் தெரியும். அது சோபா சிவப்பு என்று சொல்வதற்குச் சமம். கைகொடுத்தது எங்கள் ஊர்ச் சுங்குடி. துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் முடிச்சுப்போட்டு, சாயத்தில் முக்கிப் பிரித்தால் வருகிற புள்ளி அது. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பழைய சுங்குடியில் புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணலாக இருக்கும். படுக்கை விரிப்புக்கு அந்தக் கோணல்தான் களை. அச்சுச் சுங்குடியில் அது வராது.

பட்டில்தான் வம்பு வந்தது. ஓரம் பிரியாமலிருக்க ஊதுவத்தி நுனியால் லேசாகத் தீய்ப்பது ஒரு வழி. செயற்கை நூல் என்றால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் பட்டும் அப்படி ஒட்டாது. எனவே எது எந்தத் துணி என்று முதலிலேயே தெரிய வேண்டும். அதற்குச் சோதனை எளிது. இரண்டு இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்த வேண்டும். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனை, மிருதுவான சாம்பல். அசல் பட்டானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரானால் உருகிக் கறுப்பாக ஒரு மணி உருண்டு நிற்கும், நசுக்க முடியாது.

என் நாத்தனார் ரொம்பப் பிரியத்தோடு ஒரு பிளவுஸ் பிட்டு கொடுத்திருந்தார். மகள் நிச்சயதார்த்தப் புடவையில் வெட்டியது, அரக்கு நிறம், கண்ணைப் பறிக்கும். “தறியிலயே சொல்லி நெஞ்சது. உன் சோபாவுக்குக் குடுக்கறேன்னா பாத்துக்கோ” என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டு இழையை உருவிக் கொளுத்தினேன். கறுப்பாக ஒரு மணி உருண்டது.

இன்னும் இரண்டு இழை. இன்னொரு மணி.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தை, “என்னத்தைக் கொளுத்துற? முடி பொசுங்குற வாடையே வரலையே” என்றார். வாடை வந்தால்தானே ஜனங்கள் கேட்பார்கள்? வராததற்குக் கேட்டவர் இவர் ஒருவர்தான். மகளின் பட்டு என்று தெரிந்ததும் கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். அப்புறம் உள்ளே போய், தன் கல்யாணக் கூறைப்புடவையைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை அவரே பிடுங்கி நீட்டினார். கொளுத்தினேன். முடி பொசுங்கும் நாற்றம் வீட்டை நிறைத்தது. அத்தை அதை மல்லிகைப்பூவாக நினைத்து மூச்சிழுத்தார். “எங்க அப்பா ஏமாத்துற ஆள் இல்ல” என்றார், அறுபது வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்த திருப்தியோடு.

இதைத் தெருவுக்குச் சொன்னவர் அத்தைதான், நான் இல்லை. அப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டு வாசலில் செருப்புக் குறையவில்லை. எதிர்வீட்டு அம்மா வந்தார், மாடிவீட்டு மருமகள் வந்தாள். எல்லோர் கையிலும் ஒரு குஞ்சம். நான் இடுக்கியோடு திண்ணையில் உட்கார்ந்தேன். முடி நாற்றம் வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். வராதவர்கள் அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்து எழுந்தார்கள். தேறாத புடவை எடுத்துக் கொடுத்த கணவன்மார் சிலர் இன்றுவரை எங்கள் தெருவில் எதிர்ப்பட்டால் போனைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

இதில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சோபாவுக்கு ஆகிவந்தது நாத்தனார் கொடுத்த பிட்டுதான். ஓரம் பிரியவில்லை, பசை ஊறவில்லை, ஊதுவத்தி காட்டியதும் சொன்ன இடத்தில் நின்றது. அசல் பட்டு, தொட்டால் சிணுங்கிக்கொண்டு நூல் நூலாகப் பிரிந்து என் பிராணனை வாங்கியது. மூன்றங்குல சோபாவில் அசலுக்கு மதிப்பில்லை. நாத்தனார் அடுத்த தடவை வந்தபோது சோபாவைப் பார்த்துப் பூரித்துப் போனார். “பட்டுன்னா அதுக்குன்னு ஒரு நிமிர்வு வருது பாரேன்” என்றார். அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மகளாயிற்றே.

மெத்தைக்கு இலவம் பஞ்சு. அத்தையின் பழைய தலையணை ஒன்றைப் பிரித்தோம். ஆறங்குல மெத்தைக்கு வேண்டியது ஒரு கைப்பிடி, வீடு முழுக்கப் பறந்தது மிச்சம். பஞ்சைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். மதுரையில் மே மாதம் மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது இங்கே குடியிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் மாடிக்குப் போய்விட்டார். கட்டில் ஐஸ் குச்சியில் சட்டம் அடித்துக் குறுக்கும் நெடுக்குமாக நூல் பின்னிய கயிற்றுக்கட்டில். முக்காலி தைல மூடி. சுவரில் சிம் கார்டுச் சட்டத்துக்குள் வீட்டுக்காரரின் பழைய பாஸ்போர்ட் போட்டோவைச் சின்னதாக அச்சிட்டு மாட்டினோம். “உயிரோட இருக்கறப்பவே மாட்டிட்டியே” என்றார் அவர். கூடவே மாலை போடவில்லையே என்று சமாதானம் சொன்னேன். இவ்வளவு செய்தும் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கைக்கு வரவில்லை. தயிர்க் கப்பைக் கவிழ்த்துக் கால் வெட்டினால் ஸ்டூல் வருகிறது. சாய்மானம் வைத்ததும் குப்புற விழுகிறது.

நவராத்திரி நெருங்கியபோது குடியேற்றம். கொலுவில் பூங்கா வைக்கிற இடத்தில், கண்ணாடிக் குளத்துக்கும் கடுகு முளைப்பாரிக்கும் நடுவே வீட்டை வைத்தோம். குடிவர வேண்டியவர்கள், அத்தை சீதனமாகக் கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடி. செம்மரத்தில் கடைந்தது, பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்றால் உரசிக் கொடுத்த காலமும் உண்டு. “செம்மரம்னு சத்தமா சொல்லாத, ஊர் கெட்டுக் கிடக்கு” என்று இவர் எச்சரித்தார். டெய்லர் வேட்டிக்கும் புடவைக்கும் துணி கொடுத்து, மாப்பிள்ளைக்கு அங்கவஸ்திரத்தையும் விடாமல் கரை வைத்திருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது, ஆட்களைத் தவிர. மரப்பாச்சி ஒரு சாண் உயரம். பன்னிரண்டில் ஒன்று கணக்கில் ஒன்பதடி மனிதர்கள். வாசல் ஏழடி. குனிய வைக்கலாமென்றால் மரப்பாச்சிக்கு இடுப்பும் மடங்காது, முட்டியும் மடங்காது. கூரையைக் கழற்றி மேல்வழியாக இறக்கி சோபா பக்கத்தில் நிறுத்தினோம். பட்டு சோபாவில் உட்கார வழியில்லாமல் இருவரும் போட்டோ ஸ்டூடியோவில் நிற்கிற பாவனையில் விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மகளின் சினேகிதி வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பார்பியை முயன்று பார்த்தோம். உட்காருவாள், முட்டி மடங்கும். ஆனால் அவள் உயரம் பதினொன்றரை அங்குலம். பன்னிரண்டில் ஒன்றல்ல, ஆறில் ஒன்று. சோபா அவளுக்கு மணைப்பலகை. கட்டிலில் படுத்தால் முழங்கால் ஜன்னல் வழியே தெருவுக்கு வந்தது.

பேத்தி இந்த ஆராய்ச்சியையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மாச்சி, நீங்க தள்ளுங்க” என்றாள். பென்சில் டப்பாவைத் திறந்து ஓர் அழிரப்பரை எடுத்தாள். பாதி தேய்ந்தது, ஒரு பக்கம் மை. அதற்குப் பேனாவால் இரண்டு கண் வைத்து, சோபாவில் உட்காரவைத்தாள். மிகச் சரியாக உட்கார்ந்தது. “இது ரப்பர் அங்கிள். இவரு வீடு இது. அவங்க ரெண்டு பேரும் விருந்தாளிங்க, நின்னுட்டே காபி சாப்பிட்டுப் போயிடுவாங்க.” பத்து நாளும் ரப்பர் அங்கிள்தான் வீட்டுக்காரர். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் மரப்பாச்சியைக் கண்டுகொள்ளவில்லை. பீரோவை இழுத்துப் பார்த்தார்கள், இட்லியைத் தின்றார்கள். ஜவ்வரிசிதான், ஒன்றும் ஆகவில்லை.

இப்போது எதிர்வீட்டுப் பேத்திக்கும் ஒரு வீடு வேண்டுமாம். டெய்லர் பைப்பிங் வெட்டி வைத்துவிட்டார். ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பச்சை நிறத் தைல மூடி போதுமான அளவு இருக்கிறது, நீலம் இருந்தால் கொடுங்கள். மாத்திரை அட்டை வட்டக் குழி மட்டும். நீள மாத்திரைக்காரர்கள் சிரமப்பட வேண்டாம். எதுவானாலும் கழுவிக் கொடுப்பது நல்லது. பட்டுப் பிட்டு தருகிறவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நான் இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். முடிவை வெளியே சொல்ல மாட்டேன். அத்தை சொன்னால் அதற்கு நான் பொறுப்பில்லை.